இன்க்ளூசிவ் ஃபேஷன் என்றால் என்ன? எம்மா கிரீட்டின் பிராண்டுகளை வைத்து ஒரு விளக்கம்

துணிக்கடை விளம்பரங்கள் கொஞ்ச காலமாக மாறியிருக்கின்றன. ஒல்லியான மாடலுக்குப் பக்கத்தில் பருமனான ஒருவர் நிற்கிறார். இன்னொருவர் நரைத்த தலையோடு, மற்றொருவர் சக்கர நாற்காலியில். கீழே ‘எல்லாருக்குமான ஆடை’ என்று ஒரு வரி. இதைத்தான் இன்க்ளூசிவ் ஃபேஷன் என்கிறார்கள். உடல்வாகு, நிறம், மாற்றுத்திறன் என்று எதையும் காரணம் காட்டி ஒருவரைக் கடைக்கு வெளியே நிறுத்தாத ஆடைத் தொழில் என்று பொருள்.

சொல்ல எளிது. ஆனால் விளம்பரத்தை நம்பிக் கடைக்குப் போனால், அந்தப் பருமனான பெண் போட்டிருந்த சைஸ் பெரும்பாலும் கடையில் இருக்காது. அதனால் இதைப் பற்றிய பேச்சு இரண்டு விதமாகத்தான் போகிறது. ‘எல்லாம் வெறும் விளம்பரம்’ என்பது ஒன்று. ‘எக்ஸ்எல்லுக்கு மேல் இன்னும் நாலு சைஸ் தைக்க என்ன கஷ்டம்? மனசில்லை, அவ்வளவுதான்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு உடை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்காமல் பேசுவதுதான்.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள நல்ல உதாரணம் எம்மா கிரீட். லண்டனில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்தும் கறுப்பினப் பெண். குட் அமெரிக்கன் என்ற ஜீன்ஸ் நிறுவனத்தின் இணை நிறுவனர், ஸ்கிம்ஸ் என்ற உள்ளாடை நிறுவனத்தைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவர். அவர் செய்தது என்ன என்று பார்ப்பதற்கு முன், துணி வெட்டும் மேசைக்குப் போய்விட்டு வருவோம்.

அளவு ஜாக்கெட் இல்லாத தையல்

தையல்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போம். அவர் அதை வைத்து உங்களுக்கு, உங்களுக்கு மட்டும், தைக்கிறார். உங்கள் ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதுவும் அந்த ஜாக்கெட்டில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தைக்க வேண்டுமென்றால் அவருடைய அளவு ஜாக்கெட் வேண்டும். உங்களுடையதை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டினால் அவருக்குச் சேராது. கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவும், கை மட்டும் இறுக்கிப் பிடிக்கும்.

ரெடிமேட் தொழிற்சாலையோ இந்த இரண்டாவது வேலையைத்தான் நாள்தோறும் செய்கிறது. முன்பின் பார்க்காத லட்சம் பேருக்கு ஒரே ஒரு அளவு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு தைக்கிறது. அந்த ஒரு அளவு ஜாக்கெட் யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கிரேடிங்: பெரிதாக்கினால் பெரிதாகாது

புதிதாக ஒரு பேன்ட் தயாரிக்கும்போது முதலில் ஒரே ஒரு அளவுக்குத்தான் பேட்டர்ன் போடுவார்கள். பேட்டர்ன் என்பது துணியை வெட்டுவதற்கான வரைவு. முன்பக்கம், பின்பக்கம், இடுப்புப் பட்டை, பாக்கெட் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று இருக்கும். முன்பு அட்டையில் வெட்டி வைத்திருந்தார்கள், இப்போது பெரும்பாலும் கணினியில். இந்த முதல் அளவை அடிப்படை அளவு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெண்கள் உடைக்கு அது பெரும்பாலும் 8ஆம் எண் சைஸை ஒட்டி இருக்கும்.

அந்த அளவுக்குச் சரியாக இருக்கும் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, தைத்த மாதிரியைப் போட்டுப் பார்ப்பார்கள். உட்காரச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள். இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்று பேட்டர்னைத் திருத்துவார்கள். இவர்தான் ஃபிட் மாடல். மேடையில் நடக்கும் மாடல் வேறு. ஃபிட் மாடலின் முகம் எந்த விளம்பரத்திலும் வராது, ஆனால் அந்த பிராண்டின் எல்லா உடைகளும் அவர் உடலைப் பார்த்துப் பிறந்தவை.

அடிப்படை அளவு சரியானதும் அதிலிருந்து மேலும் கீழும் மற்ற சைஸ்களை வரைவார்கள். இதுதான் கிரேடிங். இதற்கென்று ஒரு வாய்ப்பாடு வைத்திருப்பார்கள். அமெரிக்க வழக்கத்தில் சிறிய சைஸ்களில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் மார்பு, இடுப்பு, பின்பக்கச் சுற்றளவுகள் சுமார் 1 அங்குலம் கூடும். நடுவில் ஒன்றரை அங்குலம், பெரிய சைஸ்களில் 2 அங்குலம். வேலை சுலபமாகத் தெரிகிறது அல்லவா? அடிப்படை அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சைஸ்களுக்கு அது சுலபம்தான்.

தூரம் போகப் போகத்தான் சிக்கல். ஒரே உயரமுள்ள இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கு 8ஆம் சைஸ், இன்னொருவருக்கு 24. இருவருக்கும் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். தோள் அகலம், கழுத்து, கை நீளம், கால் நீளம் எதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் சதையில். அந்தச் சதையும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. ஒருவருக்கு வயிற்றில், ஒருவருக்குத் தொடையில், இன்னொருவருக்கு மேல்கையில். வாய்ப்பாட்டை நம்பி 8லிருந்து 24 வரை ஒரே கோட்டில் இழுத்துக்கொண்டு போனால், தோள்பட்டைத் தையல் முழங்கையை நோக்கி இறங்கிவிடும், கழுத்து வாய் பிளக்கும், அதே சமயம் மேல்கை போதாமல் பிடிக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேர்ந்த அதே கதை, தொழிற்சாலை அளவில்.

ஜீன்ஸ் என்றால் இது இன்னும் மோசம். ஜீன்ஸ் துணி முரடு, சேலை மாதிரி உடலோடு சமாதானமாகப் போகாது. பின்பக்கம் பெரிதாக இருப்பவர் உட்காரும்போது பேன்ட்டின் பின் இடுப்பு கீழே இழுபடும். அதற்குப் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி வெட்ட வேண்டும், முன்பக்கத்தை அல்ல. இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் அதிகமுள்ளவருக்கு, தொடையில் சரியாகப் பொருந்தும் ஜீன்ஸ் இடுப்பில் ஒரு கை நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். இடுப்புப் பட்டையை நேராக வெட்டாமல் வளைவாக வெட்டினால்தான் அது சரியாகும். பின் பாக்கெட்டைப் பழைய அளவிலேயே விட்டால் பெரிய பேன்ட்டில் அது தபால்தலை மாதிரித் தெரியும். உள்தொடை உராய்வில் துணி சீக்கிரம் தேயும், அங்கே தையலின் பலமும் கூட வேண்டும். உள்ளாடை என்றால் தோள்பட்டியின் அகலம், கொக்கிகளின் எண்ணிக்கை எல்லாமே சைஸுக்குச் சைஸ் மாற வேண்டும்.

இதற்கு வழி உண்டு. ஒரு அடிப்படை அளவுக்குப் பதிலாக இரண்டோ மூன்றோ வைத்துக்கொள்வது. 8க்கு ஒரு ஃபிட் மாடல், 18க்கு வேறொரு ஃபிட் மாடல், தனிப் பேட்டர்ன், தனி வாய்ப்பாடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாதிரி தைத்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி தைக்க வேண்டும். நேரமும் பணமும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பல நிறுவனங்கள் இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு வாய்ப்பாட்டை மட்டும் நீட்டுகின்றன. ‘பெரிய சைஸ் எடுத்தாலும் நன்றாக உட்காரவில்லை’ என்று பெண்கள் தங்கள் உடம்பைத் திட்டிக்கொள்வது இதனால்தான். குற்றவாளி பேட்டர்ன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ரெடிமேட் உடை ஒரே ஒரு உடலை வைத்துத் தொடங்குகிறது. அதிலிருந்து மற்ற சைஸ்கள் கணக்குப் போட்டு வருகின்றன. தொடங்கிய உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு மோசமாக உடை பொருந்தும். சைஸ் சேர்ப்பது என்பது அந்த இடத்துக்கென்று புதிதாக ஒரு தொடக்கம் வைப்பது.

சைஸ் எண்களை யார் முடிவு செய்தார்கள்?

இந்தக் கணக்குக்கு அடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பெண்களின் சராசரி உடல் என்று ஒன்றை யாராவது அளந்திருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் பெரிய அளவில் அது முதலில் நடந்தது 1939–40ல். அந்நாட்டு வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எடையையும் சேர்த்து 59 அளவுகள். 1941ல் அறிக்கை வெளிவந்தது. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சராசரியைத் தேடிப் போனவர்கள் ஒரு பகுதி மக்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் சராசரி பார்த்திருக்கிறார்கள்.

தபால் வழியாக உடை விற்ற நிறுவனங்களுக்கு அப்போது பொருந்தாமல் திரும்பி வரும் உடைகள் பெரிய தலைவலி. பொதுவான தர அளவு வேண்டும் என்று அவர்கள்தான் கேட்டார்கள். அந்தப் பழைய தரவை அடிப்படையாக வைத்து 1958ல் அரசு ஒரு தர அளவு வெளியிட்டது. அதில் 8ஆம் சைஸ் என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5 அங்குலம். இன்றைக்கு அமெரிக்காவில் 8 என்று எழுதியிருக்கும் உடையின் இடுப்பு அதைவிடப் பல அங்குலம் பெரியது. சின்ன எண் பொருந்தினால் வாங்குபவர் மகிழ்ச்சியோடு வாங்குவார் என்பதால் ஒவ்வொரு பிராண்டும் எண்களைத் தன் இஷ்டத்துக்கு இறக்கிக்கொண்டே வந்தது. 1983ல் அரசு அந்தத் தர அளவைக் கைவிட்டது. அதன்பிறகு எந்த எண்ணுக்கு என்ன அளவு என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

பருமனான பெண்களுக்கு உடை தைத்து வெற்றி பெற்றவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். லித்துவேனியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த லீனா பிரையன்ட், கணவரை இழந்து, குழந்தையை வைத்துக்கொண்டு தையலில் பிழைத்தவர். 1900களின் தொடக்கத்தில் கடை திறந்தார். வங்கிப் படிவத்தில் லீனா என்பது லேன் என்று தவறாக விழுந்துவிட, கடைக்கும் லேன் பிரையன்ட் என்ற பெயரே நிலைத்தது. கர்ப்பிணிகளுக்கான உடையில் தொடங்கியவர், பிறகு பருமனான பெண்களின் பக்கம் திரும்பினார். அவரும், பொறியாளரான அவருடைய இரண்டாவது கணவர் ஆல்பர்ட் மால்சினும் சேர்ந்து சுமார் 4,500 வாடிக்கையாளர்களின் அளவுகளை எடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இன்னும் 2,00,000 பெண்களின் விவரங்களையும் வாங்கிச் சேர்த்தார்கள். பருமன் என்பது ஒரே வடிவம் அல்ல, அதற்குள்ளேயே வகைகள் உண்டு என்று புரிந்துகொண்டு அதற்கேற்ற பேட்டர்ன் போட்டார்கள். தொழில் நன்றாக வளர்ந்தது. ஆனால் அதோடு ஒரு பிரிவினையும் நிலைத்துவிட்டது: ‘சாதாரண’ பெண்களுக்கு ஒரு கடை, பருமனான பெண்களுக்கு வேறு கடை. பின்னாளில் பெரிய கடைகளிலும் அப்படித்தான். இவர்களுக்கு ஒரு தளம், அவர்களுக்கு வேறொரு தளம், பெரும்பாலும் ஒரு மூலையில்.

எம்மா கிரீட் எங்கே கை வைத்தார்

1982ல் கிழக்கு லண்டனில் பிறந்தவர். அம்மா தனியாளாக வளர்த்த நான்கு பெண்களில் ஒருவர். ஃபேஷன் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு, ஃபேஷன் நிகழ்ச்சிகள் நடத்தும் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். 2008ல் சொந்தமாக ஐடிபி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிரபலங்களையும் பிராண்டுகளையும் இணைத்து ஒப்பந்தம் போட்டுத் தரும் வேலை. அதாவது ஒரு பிரபலத்தின் முகத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று நன்றாகத் தெரிந்தவர். இது பின்னால் உதவியது.

ஜீன்ஸ் யோசனையோடு அவர் போய்ப் பார்த்தது கர்தாஷியன் குடும்பத்தின் தாயும் நிர்வாகியுமான கிரிஸ் ஜென்னரை. அவருடைய மகள் க்ளோயி கர்தாஷியனோடு சேர்ந்து 2016 அக்டோபரில் குட் அமெரிக்கன் தொடங்கியது. முதல் நாளிலேயே 10 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தப் புகழ் இல்லாமல் முதல் நாள் விற்பனை அப்படி இருந்திருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புகழ் முதல் பேன்ட்டைத்தான் விற்கும். பொருந்தாவிட்டால் இரண்டாவது பேன்ட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

அவர் செய்ததில் என் பார்வையில் மிக முக்கியமானது, கடைகளுக்குப் போட்ட நிபந்தனை. குட் அமெரிக்கன் 00விலிருந்து (0வைவிடவும் சின்ன சைஸ் அது) 24 வரை சைஸ்களோடு வந்தது. விற்க விரும்பும் கடை எல்லா சைஸ்களையும் வாங்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட முடியாது. நார்ட்ஸ்ட்ராம் போன்ற பெரிய கடைத்தொடர் இதற்கு ஒத்துக்கொண்டது.

வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம். உள்ளே அப்படி இல்லை. அமெரிக்கப் பெருங்கடைகளில் வழக்கமான சைஸ்களை வாங்கும் அதிகாரி ஒருவர், பெரிய சைஸ்களை வாங்கும் அதிகாரி வேறொருவர். இருவருக்கும் தனித்தனி நிதி, தனித்தனித் தளம், தனித்தனி இலக்கு. ஒரே பேன்ட்டை 00விலிருந்து 24 வரை ஒரே அலமாரியில் வைக்கச் சொன்னால், அது யார் கணக்கில் சேரும் என்பதிலிருந்தே சண்டை தொடங்கும். பருமனான பெண்ணைத் தனி மூலைக்கு அனுப்பியது பேட்டர்ன் மட்டும் அல்ல, இந்த அலுவலக ஏற்பாடும்தான். லீனா பிரையன்ட் காலத்திலிருந்து வந்த அந்தப் பிரிவினையை கிரீட் உடைக்கப் பார்த்தது இந்த இடத்தில்.

இரண்டாவது விஷயம், 15 என்ற சைஸ். அமெரிக்கப் பெண்கள் உடையில் எண்கள் இரட்டைப்படையில் போகும்: 12, 14, 16. குட் அமெரிக்கனுக்குத் திரும்பி வந்த ஜீன்ஸ்களைப் பார்த்தபோது 14, 16 ஆகிய இரண்டைச் சுற்றியே அவை அதிகம் என்று தெரிந்தது. ஏன் என்று மேலே சொன்ன கிரேடிங்கை வைத்து யோசித்துப் பாருங்கள். 14 என்பது வழக்கமான சைஸ் வாய்ப்பாட்டின் கடைசிப் படி. 16 என்பது பல இடங்களில் பெரிய சைஸ் வாய்ப்பாட்டின் முதல் படி. இரண்டு வாய்ப்பாடுகளும் வெவ்வேறு உடல்களிலிருந்து கிளம்பியவை. அவை சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம். 14 பிடிக்கும், 16 தொங்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் பெண்களுக்காக 15 என்று ஒரு சைஸைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. 2016ல், குட் அமெரிக்கன் தொடங்கிய அதே ஆண்டில், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி அமெரிக்கப் பெண்ணின் சைஸ் 16க்கும் 18க்கும் இடையில். அதாவது சந்தையின் நடுவில் நிற்பவரைத்தான் கடைகள் ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. கிரீட் செய்ததைச் சமூக சேவை என்று சொல்வதைவிட நல்ல வியாபாரக் கண் என்று சொல்வதுதான் அவருக்கும் மரியாதை.

கிடங்கின் கணக்கு

சரி, பேட்டர்ன் போட்டாயிற்று, கடையும் ஒத்துக்கொண்டது. அப்புறம் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எந்த சைஸில் எத்தனை தைப்பது?

எல்லா சைஸிலும் சமமாகத் தைத்தால் நஷ்டம் நிச்சயம். 100 பேன்ட்டில் எத்தனை சின்னது, எத்தனை நடுத்தரம், எத்தனை பெரியது என்று ஒரு விகிதம் வைத்திருப்பார்கள். இதுதான் சைஸ் ரேஷியோ. போன வருட விற்பனையைப் பார்த்துத்தான் இந்த விகிதத்தைப் போடுவார்கள். பிரச்சினை என்னவென்றால், போன வருடம் பெரிய சைஸே வைக்கவில்லை என்றால் போன வருட விற்பனையில் அது பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து இந்த வருடமும் ‘இதற்குக் கிராக்கி இல்லை’ என்று முடிவெடுப்பார்கள். வைக்காததால் விற்கவில்லை, விற்காததால் வைக்கவில்லை.

இதை ஒரேயடியாக உடைக்கப் பார்த்தது ஓல்டு நேவி. கேப் நிறுவனத்தின் மலிவு விலை பிராண்ட் அது. 2021 ஆகஸ்டில், பெண்கள் உடை எல்லாவற்றையும் 0விலிருந்து 28 வரை எல்லாக் கடைகளிலும், ஒரே விலையில், ஒரே இடத்தில் விற்கப்போவதாக அறிவித்தது. பேட்டர்ன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. நடுத்தர சைஸ்கள் வேகமாகத் தீர்ந்துபோக, இரண்டு ஓரத்து சைஸ்களும் அலமாரியில் தேங்கின. பெரிய சைஸ்களைத் தேவைக்கு மேல் திட்டமிட்டுவிட்டதாகத் தாய் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பல கடைகளில் அந்த சைஸ்களைக் குறைத்தார்கள்.

‘பார்த்தீர்களா, பெரிய சைஸுக்குக் கிராக்கி இல்லை’ என்று பலர் இதைக் காட்டிச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடக்கணக்காகக் கடையில் தன் சைஸ் கிடைக்காத ஒரு பெண், இணையத்தில் வாங்கப் பழகிவிட்டார். கடை வாசலில் பலகை மாற்றியதும் ஒரே சீசனில் அவர் திரும்பி வந்துவிட மாட்டார். தோற்றது சைஸ் ரேஷியோ. குட் அமெரிக்கன் இந்த விஷயத்தில் பாதுகாப்பான இடத்தில் இருந்தது. முதல் நாளிலிருந்தே எல்லா சைஸ்களும் இருந்ததால் அதன் சொந்த இணையக் கடையிலேயே உண்மையான விகிதம் தெரிந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது எளிது, பழைய கடையை மாற்றுபவருக்குக் கடினம்.

சுருக்கமாக: சைஸ் இருப்பது ஒன்று, அது எத்தனை இருக்கிறது என்பது இன்னொன்று. நல்ல பேட்டர்னும் தவறான விகிதத்தால் தோற்கும்.

நிறமும் ஒரு சைஸ்தான்

2019ல் தொடங்கிய ஸ்கிம்ஸில் கிரீட்டின் கூட்டாளிகள் கிம் கர்தாஷியனும், கிரீட்டின் கணவர் ஜென்ஸும். முதலில் கிமோனோ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியர்களின் பாரம்பரிய உடையின் பெயரை உள்ளாடைக்கு வைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. கியோட்டோ நகர மேயரே கடிதம் எழுதினார். பெயரை மாற்றினார்கள். எல்லாரையும் சேர்ப்பதாகச் சொல்லும் பிராண்ட் பெயரிலேயே ஒரு நாட்டைப் புண்படுத்தியது வேடிக்கைதான்.

மேலே போடும் துணிக்கு வெளியே தெரியாதபடி தோல் நிறத்தில் உள்ளாடை தயாரிப்பது பழைய வழக்கம். ஆனால் அந்தத் தோல் நிறம் வெளிறிய ஒரே நிறமாகத்தான் இருக்கும். கறுத்த, மாநிறப் பெண்கள் அதைப் போட்டால் வெளியே பளிச்சென்று தெரியும். ஸ்கிம்ஸ் தொடக்கத்திலேயே 9 தோல் நிறங்களில், எக்ஸ்எக்ஸ்எஸ் முதல் 4எக்ஸ் வரை சைஸ்களோடு வந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2017 செப்டம்பரில், பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்து அழகுசாதனச் சந்தையைப் புரட்டிப் போட்டிருந்தது.

இங்கே செலவு எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். கிடங்கில் தனியாக எண்ணி, தனியாக அடுக்க வேண்டிய ஒவ்வொரு வகைக்கும் எஸ்கேயூ என்று பெயர். ஒரு உள்ளாடை, ஒரே நிறம், 9 சைஸ் என்றால் 9 எஸ்கேயூ. அதே உள்ளாடை 9 நிறம், 9 சைஸ் என்றால் 81. ஒரே ஒரு டிசைனுக்கு 81 பெட்டி. ஒவ்வொரு நிறத்துக்கும் சாயப்பட்டறையில் முதலில் சின்னத் துண்டில் சாயம் ஏற்றிப் பார்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். துணி, எலாஸ்டிக், நூல், கொக்கி எல்லாம் ஒரே நிறத்தில் சேர வேண்டும். நைலானில் பிடிக்கும் சாயம் பருத்தி நூலில் அதே போலப் பிடிக்காது. பட்டறைகள் குறைந்தபட்சம் இவ்வளவு கிலோ என்றுதான் ஒரு நிறத்துக்கு ஆர்டர் எடுக்கும். சிறு நிறுவனங்கள் இரண்டு நிறங்களோடு நிறுத்திக்கொள்வதற்கு இது நேர்மையான காரணம். பெரிய நிறுவனங்கள் இதே காரணத்தைச் சொன்னால் அவ்வளவு எளிதாக நம்ப வேண்டியதில்லை. ஸ்கிம்ஸின் மதிப்பு 2025 நவம்பரில் 500 கோடி டாலராகக் கணக்கிடப்பட்டது. 81 பெட்டி வைத்தால் திவாலாகிவிடுவோம் என்ற பயத்துக்கு அது ஒரு பதில்.

மாற்றுத்திறனாளிகளுக்கான உடையும் இதே தர்க்கம்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு, அல்லது ஒரு கையால் மட்டும் உடுத்துபவருக்கு, பக்கவாட்டில் திறப்பு, எளிதில் மாட்டும் கொக்கி என்று பேட்டர்னிலேயே மாற்ற வேண்டும். டாமி ஹில்ஃபிகர் 2016ல் குழந்தைகள் உடையில் இதைத் தொடங்கியது, ஸ்கிம்ஸ் 2022ல் சில உள்ளாடைகளில் செய்தது.

அலமாரியில் யாருக்கு இடம்

உடையைப் போடுபவர் மட்டும் அல்ல, தயாரிப்பவரும் இந்தக் கணக்கில் வருவார். 2020 ஜூனில் வடிவமைப்பாளர் அரோரா ஜேம்ஸ் ‘15 சதவீத உறுதிமொழி’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கு கிட்டத்தட்ட 15 சதவீதம் என்பதால், பெரிய கடைகள் அலமாரி இடத்தில் 15 சதவீதத்தைக் கறுப்பினத்தவர் நடத்தும் பிராண்டுகளுக்குத் தர வேண்டும் என்பது கோரிக்கை. கிரீட் அதன் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2021ல் அமெரிக்காவின் ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில் முதலீட்டாளராக உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

அதே 2021ல் கிரிஸ் ஜென்னரோடு சேர்ந்து சேஃப்லி என்ற வீட்டுச் சுத்திகரிப்புப் பொருள் பிராண்டையும் தொடங்கினார். நல்ல வியாபாரமாக இருக்கலாம், ஆனால் நாம் பேசும் விஷயத்துக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. துணி துவைக்கும் திரவத்துக்கு சைஸ் கிடையாது.

இந்தியாவில் இந்தக் கணக்கு

நம் ரெடிமேட் சட்டைகளில் ஒரு பிராண்டின் ‘எம்’ சைஸ் இன்னொரு பிராண்டின் ‘எல்’ சைஸாக இருப்பதற்குக் காரணம், நமக்கென்று அளந்த தர அளவு இல்லாததுதான். பிரிட்டன், அமெரிக்க, ஐரோப்பிய அட்டவணைகளைக் கடன் வாங்கி ஆளாளுக்குத் திருத்திக்கொள்கிறார்கள். மேலே சொன்னபடி அந்த அட்டவணைகளே யாரை விட்டுவிட்டு அளந்தவை என்று தெரிந்தால், நம் உடம்புக்கு அவை ஏன் பிடிக்கின்றன, தொங்குகின்றன என்பதில் ஆச்சரியம் இல்லை. தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், இந்தியாசைஸ் என்ற பெயரில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டத்தை எடுத்தது. அளக்கத் தேர்ந்த 6 நகரங்களில் சென்னையும் ஒன்று.

திருப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் புதிதாக ஒன்றும் இருக்காது. வெளிநாட்டு பையர் அனுப்பும் மெஷர்மென்ட் சார்ட்டைப் பார்த்து கிரேடிங் போடுவதும், ஒவ்வொரு சைஸிலும் சாம்பிள் தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்குவதும் அங்கே அன்றாட வேலை. கை தேர்ந்த பேட்டர்ன் மாஸ்டர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இன்னொரு ஃபிட் மாடலுக்குச் செலவு செய்யலாம் என்று முடிவெடுப்பவர்தான் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பிராண்டைச் சோதிக்க வேண்டுமென்றால்

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, அந்த பிராண்டின் இணையக் கடையில் ஏதாவது ஒரு உடையைத் திறந்து மிகப் பெரிய சைஸைத் தேர்ந்தெடுங்கள். அது கையிருப்பில் இருக்கிறதா? அதே விலையா, அல்லது கூடுதலா? துணி அதிகம் ஆகிறது என்று சிலர் கூடுதல் விலை வைப்பார்கள். ஆனால் எஸ்ஸுக்கும் எக்ஸ்எல்லுக்கும் இடையிலும் துணி வித்தியாசம் உண்டு, அதற்கு யாரும் கூடுதல் விலை கேட்பதில்லை, எல்லா சைஸுக்கும் சராசரி பார்த்து ஒரே விலைதான் போடுகிறார்கள். பிறகு, அந்தப் பெரிய சைஸை உண்மையில் போட்டிருக்கும் ஒருவரின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். குட் அமெரிக்கன் ஒரே ஜீன்ஸை மூன்று வெவ்வேறு உடல்வாகு கொண்ட மாடல்கள் மேல் காட்டுகிறது. அப்படிப் படம் இருந்தால் முன்பக்கத்தைத் தாண்டிப் பின்பக்கப் படத்துக்குப் போங்கள். இடுப்புப் பட்டை முதுகோடு ஒட்டி நிற்கிறதா, பாக்கெட் உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.